"ஏன் ரத்தம் ஏத்தல?" என்று சண்டை போடுவதற்கு முன்னால்...



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம், டீயைப் பற்றியும் கடைசியில் ஒரு வார்த்தை இருக்கிறது.

நம் பழைய மாணவர் குரூப்பில் வாரம் ஒரு தடவையாவது ஒரு செய்தி வருகிறது. "அவசரம். ரத்த அளவு குறைவு. இரண்டு யூனிட் தேவை." உடனே நம் பிள்ளைகள் நாலைந்து பேர் நம்பர் கேட்கிறார்கள், பைக்கை எடுத்துக்கொண்டு தேனிக்குக் கிளம்புகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ரத்தம் கொடுப்பதை யாரும் நிறுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேச வந்தது வாங்குகிற பக்கத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவருக்கு ரத்தசோகை என்று தெரிந்ததும் "ரத்தம் ஏத்துங்க, ஏத்துங்க" என்று டாக்டரை நெருக்குகிறோமே, அதைப் பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி நிதானமாக இருக்கிறார், ரத்தம் ஒழுகவில்லை என்றால், அளவு குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ரத்தம் ஏற்றாமல் இருப்பது சரியான வைத்தியம். ஆனால் ரத்தமும் ஏற்றாமல், வேறு ஒன்றும் செய்யாமல், காரணமும் தேடாமல் வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை. நாம் சண்டை போட வேண்டிய இடம் இந்த இரண்டாவதுதான். முதலாவதுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த எண் என்ன சொல்கிறது?

ஆஸ்பத்திரியில் "எட்டு பாயிண்ட் இருக்கு, ஏழு பாயிண்ட் இருக்கு" என்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் இத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அர்த்தம். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். ஹீமோகுளோபின் என்பது ஜீப். ஏற்றிப்போகும் ஆட்கள் ஆக்சிஜன். விடியற்காலையில் போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பத்து ஜீப் ஓடுகிற இடத்தில் ஏழுதான் இருக்கிறது என்றால் வேலை நின்றுவிடுமா? இருக்கிற ஜீப் கூடுதலாக ஒரு நடை அடிக்கும். உடம்பும் அதைத்தான் செய்கிறது. இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, ஒவ்வொரு திசுவும் வந்த ரத்தத்திலிருந்து கூடுதலாக ஆக்சிஜனை இறக்கிக்கொள்கிறது. ரத்தம் மெதுவாக, மாதக்கணக்கில் குறைந்திருந்தால் உடம்பு இதற்கு நன்றாகவே பழகிவிடும். குரங்கணியிலிருந்து முதுவாக்குடிக்குத் தலையில் சுமையோடு நடந்து ஏறுகிற அக்காவுக்குச் சோதித்துப் பார்த்தால் 8 இருக்கும். "லேசா மூச்சு வாங்குது டீச்சர்" என்பார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் 8 நல்லது என்று அர்த்தமில்லை. அந்த அக்காவுக்கு வைத்தியம் கட்டாயம் வேண்டும். அந்த வைத்தியம் அடுத்தவர் ரத்தமா என்பதுதான் கேள்வி.

10 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

1942-ல் அமெரிக்காவில் ஆடம்ஸ், லண்டி என்ற இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்றார்கள். அனுபவத்தில் சொன்னது. யாரையும் இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னதில்லை. ஆனாலும் ஐம்பது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க அதுவே சட்டம் போல் நடந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் மனதிலும் "பத்துக்குக் கீழே போனா ஏத்தணும்" என்று பதிந்தது அப்படித்தான்.

அப்புறம் கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 838 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு 10-க்குக் கீழே இறங்கியதும் ரத்தம். இன்னொரு பிரிவுக்கு 7-க்குக் கீழே இறங்கினால்தான் ரத்தம். 1999-ல் முடிவு வந்தது. முப்பது நாளில் இறந்தவர்கள், தாராளமாக ஏற்றிய பிரிவில் 23.3 சதவீதம், சிக்கனமாக ஏற்றிய பிரிவில் 18.7 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம், எனவே சிக்கனம் உயிரைக் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிக்கனம் கெடுதல் செய்யவில்லை என்பது தெரிந்தது. செலவான ரத்தமோ பாதிக்கும் குறைவு.

2013-ல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. இது ரத்த வாந்தி எடுத்து வந்த 921 பேரிடம் நடந்தது. ரத்தம் போனவர்களுக்கே சிக்கனமா என்று கேட்பீர்கள். ரத்தம் பீறிட்டு உயிருக்குப் போராடியவர்களைச் சேர்க்காமல் மற்றவர்களைப் பிரித்தார்கள். 7-க்குக் கீழே போனால்தான் என்று காத்திருந்த பிரிவில் ஆறு வாரம் கழித்து 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 9-க்கே ஏற்றிய பிரிவில் 91 சதவீதம். சிக்கனப் பிரிவில் பாதிப் பேருக்கு ஒரு பை ரத்தம்கூடத் தேவைப்படவில்லை.

இப்படி 48 ஆய்வுகளை, 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, 2021-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிக்கனமாக ஏற்றியதால் முப்பது நாள் இறப்பு கூடவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியம் மட்டும் 41 சதவீதம் குறைந்தது.

எங்கள் வீட்டில் நடந்த சண்டை

என் பெரியம்மாவுக்கு வயது 76. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. மறுநாள் ஹீமோகுளோபின் 8.6. "ரத்தம் இப்போது வேண்டாம், பார்த்துக்கொள்வோம்" என்றார் டாக்டர். சொந்தத்தில் பிடித்துக்கொண்டார்கள். "கிழவிதானேன்னு விட்டுட்டாங்களா?" என்றார் ஒருவர். "நாங்க நாலு பேர் ரத்தம் கொடுக்கத் தயாரா நிக்கிறோம், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் இன்னொருவர். அந்தச் சண்டையில் இருந்தவர்கள் இதைப் படிப்பார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து எங்களிடம் கேட்டார்: "அம்மாவுக்கு நெஞ்சு வலி இருக்கா? உட்கார்ந்தா தலை சுத்துதா? மூச்சு வாங்குதா? எட்டுக்குக் கீழே போனாலோ, இதுல ஒண்ணு வந்தாலோ நானே ஏத்துவேன்." பெரியம்மா ரத்தம் ஏற்றாமலே மூன்றாம் நாள் வாக்கர் பிடித்து நின்றார்.

ஒரு ஆள் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வகுப்பில் ஒரு பையன் படிக்காமலே பாஸ் ஆகிவிட்டான் என்பதற்காகப் படிக்க வேண்டாம் என்று நான் சொன்னதுண்டா? ஆனால் இதே மாதிரி இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன, இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 2,016 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒப்பிட்டார்கள். 10-ல் ஏற்றிய பிரிவு ஒன்று. 8-க்குக் கீழே போனால் அல்லது அறிகுறி வந்தால் மட்டும் ஏற்றிய பிரிவு இன்னொன்று. அறுபது நாள் கழித்து உயிரோடு இருந்ததிலும் துணையில்லாமல் நடந்ததிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 2011-ல் வெளியான முடிவு இது. அந்த டாக்டர் தன் இஷ்டத்துக்குச் சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஒரே கோடு கிடையாது

இதை அரைகுறையாகப் படித்துவிட்டு நாளை யாரும் "டீச்சர் ரத்தம் வேண்டாம்னு எழுதியிருக்காங்க" என்று ஆஸ்பத்திரியில் போய் நிற்கக் கூடாது. அதனால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

2023-ல் ஏஏபிபி என்ற ரத்தவங்கித் துறை அமைப்பின் சர்வதேச நிபுணர்கள் சொன்ன வழிகாட்டுதல் இது. ஆஸ்பத்திரியில் இருக்கும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிதானமாக உள்ள பெரியவர்களுக்கு 7-க்குக் கீழே போகும்போது ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். இதய ஆபரேஷன் என்றால் 7.5. எலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் 8.

இதயத்துக்கு ஏன் தனிக் கணக்கு? ஜீப்புக்கே வாருங்கள். ஜீப் குறைந்தால் கூடுதல் நடை அடிக்கும் என்றேன். பாதையிலேயே பாறை விழுந்து கிடந்தால் கூடுதல் நடை எப்படி அடிக்கும்? மாரடைப்பு அப்படித்தான். 2023-ல் மாரடைப்போடு ரத்தசோகையும் இருந்த 3,504 பேரின் ஆய்வு வந்தது. 7 அல்லது 8 வரை காத்திருந்த பிரிவில் முப்பது நாளில் மறுபடி மாரடைப்போ மரணமோ வந்தவர்கள் 16.9 சதவீதம். 10-ஐக் காப்பாற்றிய பிரிவில் 14.5 சதவீதம். இதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய வித்தியாசம்தான். ஆனால் சாய்வு தாராளத்தின் பக்கம் இருக்கிறது. மாரடைப்பு நோயாளிக்கு டாக்டர் 9-லேயே ரத்தம் ஏற்றினால் அதற்கு நியாயம் உண்டு.

பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிறது, விபத்தில் ரத்தம் போகிறது என்றால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. ரத்தம் வேகமாகப் போகும்போது முதலில் எடுக்கும் சோதனையில் எண் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் மீதி இருக்கிற ரத்தம் இன்னும் நீர்த்துப்போகவில்லை. தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றுவதே வாழ்நாள் வைத்தியம். அவர்களுக்கு அளவு 9-க்கு மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். தலையில் பலத்த அடிபட்டவர்கள், மூளையில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கும் கொஞ்சம் தாராளம் நல்லதாக இருக்கலாம் என்று சமீபத்திய ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொன்று. காத்திருப்பது என்றால் கண்டுகொள்ளாமல் இருப்பது இல்லை. உகாண்டா, மலாவி நாடுகளில் 1,565 குழந்தைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது, 2019-ல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 4-க்கும் 6-க்கும் நடுவில் உள்ள, ஆனால் மூச்சுத் திணறலோ மயக்கமோ இல்லாத குழந்தைகள். ஒரு பிரிவுக்கு உடனே ரத்தம். மற்றப் பிரிவைக் கண்காணித்து, மோசமானால் மட்டும் ரத்தம். இறப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கண்காணித்த பிரிவில் கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகளுக்குப் பிறகு ரத்தம் தேவைப்பட்டது, கொடுக்கப்பட்டது. பக்கத்திலேயே ஆள் இருந்து திரும்பத் திரும்பச் சோதித்ததால்தான் அது சாத்தியமானது. சிக்கனம் என்பது அந்தக் கண்காணிப்போடு சேர்ந்த ஒரு முறை.

பையில் ரத்தம் மட்டுமா இருக்கிறது?

"வேண்டாம்தான், இருந்தாலும் ஏத்தினா நல்லதுதானே, தெம்பு வருமே" என்பார்கள். சத்து டானிக் மாதிரி நினைப்பதால் வரும் பேச்சு. ரத்தம் அடுத்தவர் உடம்பின் ஒரு பகுதி. ஒரு வகையில் சிறு உறுப்பு மாற்றுச் சிகிச்சை. பிரிவு மாறிப்போகலாம், ஒவ்வாமை வரலாம். வயதானவர்களுக்கும், வெகுநாள் ரத்தசோகையால் இதயம் களைத்தவர்களுக்கும் வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். பாசத்தில் நாம் கேட்டு வாங்கிய இரண்டாவது பையே இப்படி ஆளைச் சாய்த்துவிடலாம்.

தொற்றும் உண்டு. நம் நாட்டில் ஒவ்வொரு பையையும் எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ், மலேரியா என்று சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். அப்படியும், கிருமி உடம்பில் நுழைந்து சோதனையில் தெரிவதற்கு முன் ஒரு இடைவெளி இருக்கிறது. மனிதத் தவறும் இருக்கிறது. வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதில் எச்ஐவி இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கே வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தெரிந்தது, அவரே ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சொன்னார். நல்ல மனசோடு ரத்தம் கொடுத்த அந்தப் பிள்ளை அந்தத் துயரம் தாங்காமல் உயிரை விட்டது. அந்தப் பெண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டதா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தேவைப்பட்டிருக்கலாம். இப்படி ஒன்று நடப்பது மிக அரிது என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு பையும் அந்தச் சிறு ஆபத்தைச் சுமந்து வருகிறது. உயிர் காக்க என்றால் அந்த ஆபத்தை ஏற்கலாம். மன திருப்திக்காக என்றால் ஏற்கக் கூடாது.

எத்தனை பை என்பதிலும் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. "ஒரு பாட்டில் ஏத்துறதுக்கு ஏத்தாமலே இருக்கலாம், ஏத்தினா ரெண்டா ஏத்து" என்பார்கள். இன்றைய முறை நேர்மாறு. ஒரு யூனிட் சுமாராக ஒரு கிராம் உயர்த்தும். ஒன்று ஏற்று, நோயாளியைப் பார், மறுபடி சோதி, தேவையானால் அடுத்தது. ஆகவே டாக்டர் ஒரு யூனிட்டோடு நிறுத்தினால் "மிச்சம் பிடிக்கிறாங்க" என்று பேசாதீர்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குரங்கணியிலிருந்து போடிக்கே 16 கிலோமீட்டர். அங்கிருந்து தேனி, அதையும் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. நடுராத்திரி பிரசவத்தில் ரத்தம் கொட்டும் ஒரு பெண்ணுக்கு அரிய வகை ரத்தம் தேவைப்படும்போது, அந்தப் பை பகலில் நடந்து வந்த ஒருவருக்கு 8.2-ஐ 9.2 ஆக்குவதற்குப் போய்விட்டிருந்தால்? ரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. காசு வாங்கி ரத்தம் விற்பதை 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நிறுத்தினோம். இன்று இருப்பதெல்லாம் உங்களைப் போன்ற பிள்ளைகள் கொடுப்பது. அதைப் பத்திரமாகச் செலவு செய்ய வேண்டும்.

மலைக்குத் திரும்பிப் போகிறவளுக்கு என்ன பதில்?

இப்போது எனக்கு எதிராக ஒரு கேள்வி வரும். அதுதான் உண்மையான கேள்வி. "டீச்சர், கனடாவிலும் ஸ்பெயினிலும் வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி பார்ப்பார்கள். 7.5 அளவோடு நம் பெண்ணை மலைக்கு அனுப்பினால் யார் பார்ப்பது? மறுநாள் காலையில் ஜீப் ஏறிவிடுவாள். அதற்கு இருக்கும்போதே இரண்டு பை ஏற்றி அனுப்புவது மேல் இல்லையா?"

நியாயமான கேள்வி. பல டாக்டர்கள் ரத்தம் ஏற்றுவதற்கே இதுதான் காரணம். ஆனால் இரண்டு பை ரத்தம் அவளுக்கு என்ன செய்யும்? 7.5 என்பது 9.5 ஆகும். ஏற்றிய சிவப்பணுக்கள் இரண்டு மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். காரணம் அப்படியே இருந்தால் அவள் பழைய இடத்துக்கே வந்து நிற்பாள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை.

அவளுக்கு வேண்டியது இரும்புச் சத்து. ஒருநாள் கூடுதலாக வைத்திருந்து, நரம்பு வழியாக இரும்புச் சத்து மருந்தைக் குளுக்கோஸ் போல ஏற்றி அனுப்பலாம். இது பெரிய நகரத்து வைத்தியம் இல்லை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அவள் உடம்பே ரத்தம் ஊறவைத்துக்கொள்ளும், அடுத்தவர் ரத்தம் தேவையில்லை. மத்திய அரசின் ரத்தசோகை இல்லாத பாரதம் திட்டத்தின் விதியும் இதுதான். கர்ப்பிணிக்கு 5-லிருந்து 6.9 வரை இருந்தால் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக இரும்புச் சத்து. 5-க்குக் கீழே போனால் மாதம் எதுவாக இருந்தாலும் உடனே சேர்த்து ரத்தம். பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டால் மருந்து வேலை செய்ய அவகாசம் இருக்காது, அப்போது டாக்டர் முடிவு மாறும். அதனால்தான் மூன்றாம் மாதமே சோதிக்கச் சொல்கிறோம்.

நான் சொல்லும் கோரிக்கை இதுதான். ரத்தம் ஏற்றாமல் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: ரத்தசோகையின் காரணம், கொடுத்த இரும்புச் சத்து, மறுபடி சோதிக்க வேண்டிய தேதி. இது இல்லாமல் "சத்தான ஆகாரம் சாப்பிடுங்க" என்று மட்டும் எழுதி அனுப்புவது அலட்சியம். இதற்குச் சண்டை போடுங்கள், நானும் வந்து நிற்கிறேன்.

வேர் நம் வீட்டில் இருக்கிறது

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். முகாமுக்கு ஆசையாக வந்துவிட்டு, சோதனை முடிந்ததும் முகம் வாடித் திரும்பும் நம் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை பேருக்கும் ரத்தம் ஏற்றியா சரி செய்ய முடியும்?

பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல மாத்திரை கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று நான் நின்றுகொண்டிருப்பேன். சன்னல் வழியாக எறிந்தவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். இப்போது உங்கள் பிள்ளைகள் எறிகிறார்கள். அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் பிசையும், பயப்பட வேண்டாம்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் செருப்பு போடுங்கள். ஈரமான மண்ணில் கொக்கிப்புழு உள்ளங்கால் தோல் வழியே உடம்பில் ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு தினமும் ரத்தம் குடிக்கும். பிப்ரவரியில் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுங்கள்.

டீ விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்பை அது உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதீர்கள், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது. பீட்ரூட், மாதுளை சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி அவற்றை மட்டும் வாங்காதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், சுவரொட்டி என்று நம் அப்பத்தாக்கள் சமைத்தவை அதைவிட மேல். ஆனால் 8-க்கு வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மருந்து வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் போங்கள்.

ஆண்களுக்கும் சொல்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆணுக்கு ரத்தம் குறைந்தால், மூலமோ, குடல் புண்ணோ, புற்றுநோயோ உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு பை ஏற்றி முகம் தெளிந்ததும் "சரியாப் போச்சு" என்று வீட்டுக்கு வந்துவிட்டால், அந்த நோய் சத்தமில்லாமல் வளரும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

"டீச்சர், இதெல்லாம் டாக்டர் வேலை, நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். முடிவு டாக்டருடையதுதான். ஆனால் வார்டு வாசலில் பத்துப் பேர் கூடிச் சத்தம் போட்டால் எந்த டாக்டரும் தயங்கத்தான் செய்வார். ஏற்றிவிட்டால் பிரச்சினை இல்லை என்று ஒரு பை ஏற்றிவிடுவார். அந்த நெருக்கடியைக் கொடுப்பது நாம்தான். சத்தத்துக்குப் பதிலாக இந்தக் கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. இப்போது ரத்தம் ஒழுகுகிறதா? இதயத்துக்கு ஏதாவது ஆபத்து இருக்கிறதா?
2. ரத்தம் ஏற்றாமல் இரும்புச் சத்து ஏற்றிச் சமாளிக்க முடியுமா?
3. ஏற்றத்தான் வேண்டும் என்றால், ஒரு யூனிட் ஏற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாமா?
4. ரத்தசோகைக்குக் காரணம் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட்டீர்களா? (ஏற்றிய பிறகு எடுத்தால் அடுத்தவர் ரத்தமும் கலந்து முடிவு குழம்பும்.)
5. மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்?

ஐந்துக்கும் பதில் சொல்லி டாக்டர் "ஏற்ற வேண்டும்" என்றால் ஒரு நொடி யோசிக்காமல் சம்மதியுங்கள். பயந்துகொண்டு மறுக்கவும் கூடாது. ஐந்துக்கும் பதில் சொல்லி "வேண்டாம்" என்றால் நம்புங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆண்களும், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பெண்களும் ரத்தம் கொடுங்கள். இதைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ள பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒருமுறை ஹீமோகுளோபின் சோதியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள், பழைய வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டு போட்டுக் குறித்து வைக்கப்போகிறேன். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்பேன். கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
குரங்கணி